கண்ணாடி இல்லாமல் ஒரு நாள்

அமிர்தம் மகளின் முகத்திலிருந்து மூக்குக் கண்ணாடியைத் தன் கையாலேயே கழற்றினாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணுவுக்குக் கையிலிருந்த பழைய சோற்றுக் கவளம் மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் அம்மாவின் முகம் கலங்கிப்போய், மஞ்சளும் கறுப்புமாக ஒரு நிழல் ஆகிவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாள்தாண்டி. சாயங்காலம் வந்து போட்டுக்க."

"போர்டு தெரியாதும்மா."

"தெரியாட்டிப் போகுது. பக்கத்துல இருக்கிற பொண்ணைப் பார்த்து எழுதிக்க."

முந்தின நாள் கல்யாணத் தரகர் பிச்சமுத்து வந்து சொல்லிவிட்டுப் போன சேதி அப்படி. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று, மூத்த மகன் வீரமலைக்கு இவளைக் கேட்டிருந்தது. வீட்டில் ஜோடித்து உட்கார வைத்தால் எந்தப் பெண்ணும் அழகாகத்தான் இருப்பாள், அதனால் பெண் படிக்கிற இடத்திலேயே, அவளுக்குத் தெரியாமல் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று அந்த வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். மறுநாளே ஆள் வரும் என்றார். யார் வருவார்கள், ஆணா பெண்ணா, எந்த நேரத்தில் வருவார்கள் என்பது பிச்சமுத்துவுக்கும் தெரியாது. நான் சொன்னதாக வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். அதிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பயப்படக் காரணம் இருந்தது. தை மாதத்தில் உப்பிலியபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பலகாரம் எல்லாம் சாப்பிட்டு, தேதி பார்க்கிற வரைக்கும் பேச்சு போனது. அப்போது அலமாரி மேல் இருந்த கண்ணாடிக் கூடு மாப்பிள்ளையின் தாயார் கண்ணில் பட்டது. இது யாருடையது என்று கேட்டாள். அதோடு எழுந்தவர்கள்தான். கண்ணாடி போட்ட பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளையும் குருடாகத்தான் பிறக்கும் என்று தெருவிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் முழுக்க ஸ்ரீரங்கத்தில் அவர்கள் தெருவில் வள்ளிக்கண்ணுவுக்கு 'அரைக்குருடு' என்று பெயர். அப்பா பெரியண்ணன் அரிசிக் கடையைத் திறக்கவே இரண்டு நாள் போகவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு தங்கை வேறு இருந்தாள்.

அமிர்தம் கண்ணாடியை ஒரு துணியில் சுற்றி மகளின் பையின் அடியில் வைத்தாள். ரோடு தாண்டும்போது மட்டும் போட்டுக்கொள் என்றாள். உடனே வேண்டாம், அங்கேயும் யாராவது நிற்பார்கள் என்றாள். பிறகு மகளின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"போட மாட்டேன்னு சொல்லு."

"போட மாட்டேம்மா."

புதிதாக வாங்கியிருந்த ரோஜா நிற நைலான் தாவணியை அமிர்தமே உடுத்தி விட்டாள். கல்லூரிக்குக் கட்டக் கூடாது, தீபாவளிக்கு இருக்கட்டும் என்று அவளே பெட்டியில் பூட்டி வைத்திருந்த தாவணி அது.

அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்களில், தமிழிலேயே படித்துவிட்டுப் பி.யூ.சி.க்குப் போக நினைத்தவர்களுக்காகத் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி கோடை வகுப்பு நடத்தியது. ஜூனில் கல்லூரி திறந்ததும் பாடம் எல்லாம் இங்கிலீஷில் வரும்; திடீரென்று அதில் போய் விழுந்தால் தத்தளிப்பார்கள் என்று இந்த ஏற்பாடு. காலையில் இங்கிலீஷ், பிறகு கணக்கு, சாப்பாட்டுக்குப் பின் ரசாயனம். இதில் நன்றாகச் செய்கிறவர்களுக்குத்தான் சயின்ஸ் குரூப் கிடைக்கும். வள்ளிக்கண்ணு கணக்கில் கெட்டி. அவளைக் கல்லூரிக்கு அனுப்புவதாகப் பெரியண்ணன் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. கோடையில் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், போய்விட்டு வரட்டும் என்றுதான் விட்டிருந்தார்.

தெரு முனையில் பஸ்ஸுக்கு நின்றாள். எதிரே கோயிலின் கட்டி முடியாத மொட்டைக் கோபுரம் ஒரு பெரிய கறையாக நின்றது. பஸ் வந்தது தெரிந்தது. அதன் நெற்றியில் எழுதியிருந்தது தெரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் இது டவுனுக்குப் போகிறதா என்று கேட்டாள். அவர் அவள் மார்போடு அணைத்திருந்த புத்தகங்களைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, படிக்கத் தெரியாதா?"

நாலு பேர் சிரித்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் மண்ணச்சநல்லூராக இருந்தால் என்ன செய்வது என்று வள்ளிக்கண்ணு நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது மற்ற நாட்களில் ஜன்னல் வழியே பார்ப்பாள். கத்திரி வெயிலில் ஆறு வறண்டு, மணலில் ஊற்றுத் தோண்டிப் பெண்கள் குடத்தில் இறைத்துக்கொண்டிருப்பார்கள். இன்று பாலத்துக்குக் கீழே வெள்ளை வெளேரென்று வெளிச்சம் மட்டும் இருந்தது.

சத்திரத்துப் பக்கம் இறங்கி ரோட்டைத் தாண்டும்போது ஒரு ஜட்கா அவளை உரசிக்கொண்டு போனது. குதிரையின் மூச்சு கன்னத்தில் பட்ட பிறகுதான் அது குதிரை என்று தெரிந்தது. வண்டிக்காரன் திட்டிக்கொண்டே போனான். பையின் அடியில் கையை விட்டுத் துணி முடிச்சைத் தொட்டாள். ரோட்டின் இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். யாருக்கும் முகம் இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டாள்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் லூர்துராணி. பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவரின் மகள். வாய் கொஞ்சம் நீளம். வந்ததுமே கண்ணாடி எங்கே என்று கேட்டாள். உடைந்துபோய்விட்டது என்று வள்ளிக்கண்ணு சொன்னாள். லூர்துராணி அவளுடைய புதுத் தாவணியை ஒரு தரம் பார்த்தாள், மேலே கேட்கவில்லை.

இங்கிலீஷ் வகுப்பு நடந்தபோது வராந்தா ஜன்னலில் பச்சையாக ஒரு உருவம் வந்து நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. வள்ளிக்கண்ணுவின் முதுகு வியர்த்தது. நேராக உட்கார வேண்டுமா, குனிய வேண்டுமா, சிரித்த மாதிரி இருக்க வேண்டுமா என்று ஒன்றும் தெரியவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டாள். உருவம் குனிந்து நிமிர்ந்தபோது துடைப்பத்தின் சத்தம் கேட்டது. கூட்டுகிற அம்மாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் வேறொரு உருவம் வெள்ளையாக வந்தது. அது கல்லூரிப் பியூன். அன்று காலை முழுதும் ஜன்னலில் வந்து போன ஒவ்வொன்றும் அவளைப் பார்க்கவே வந்தது போல இருந்தது. வாத்தியார் அம்மாள் என்ன நடத்தினாள் என்று ஒரு வரிகூடக் காதில் விழவில்லை.

கணக்கு வகுப்பு எடுப்பவள் பாக்கியமேரி. சின்ன வயதுதான், ஆனால் கண்டிப்பு. மாணவிகள் எல்லாரும் மிஸ் என்றால் அவளைத்தான் சொல்வார்கள். அன்று பரீட்சை வைத்தாள். கேள்விகளைப் போர்டில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வள்ளிக்கண்ணு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கறுப்பில் சாம்பல் பூசியது போல இருந்தது போர்டு. லூர்துராணி அதைக் கவனித்து, முதல் கேள்வியை வாய்க்குள் முணுமுணுத்துச் சொன்னாள். வள்ளிக்கண்ணு எழுதிக்கொண்டாள். இரண்டாவதைச் சொல்லும்போது பாக்கியமேரி எழுந்துவிட்டாள்.

காப்பி அடிக்கிறார்கள் என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. வள்ளிக்கண்ணுவைக் கடைசி பெஞ்சுக்குத் தனியாகப் போகச் சொன்னாள். அங்கேயிருந்து போர்டே சுவரோடு கலந்துபோயிற்று. முதல் கேள்வி மட்டும் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் பாக்கியமேரி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் நீதானே முதல்ல முடிச்சே. என்ன ஆச்சு உனக்கு?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வாசற்படியில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். முட்டை மதிப்பெண் போட்டுத் தாளை மேஜை மேல் வைத்துவிட்டு பாக்கியமேரி போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்தார்கள். வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. எதிரே யாரோ ஒருத்தி பருமனாக, அரக்கு நிறப் புடவையில் நடந்து போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, மறுபடியும் அவள் முன்னாலேயே வந்தாள். இந்தத் தடவை மெதுவாக வந்தாள். யாராவது மாணவியின் தாயாராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வள்ளிக்கண்ணு டிபன் டப்பாவுக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டாள். தயிர் சோற்றில் இருந்த கடுகை ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். உருவம் போன பிறகும் நிமிரவில்லை. லூர்துராணி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று பிற்பகல்தான் அவர்களை முதன்முதலாக ரசாயனக் கூடத்துக்குள் அழைத்துப் போனார்கள். பத்து நாளாக எல்லாரும் ஆவலோடு எதிர்பார்த்த வகுப்பு அது. இருவர் இருவராக நிற்க வைத்து, ஒரு ஸ்பிரிட் விளக்கும் ஒரு சோதனைக் குழாயும் கொடுத்தார்கள். குழாயில் மயில்துத்தம் என்ற நீல உப்பு. சூடு ஏற ஏற நீலம் போய் வெளுக்கும். எந்த நேரத்தில் வெளுக்கத் தொடங்குகிறது என்று கவனிக்க வேண்டும். ரசாயன ஆசிரியைக்கு உதவியாக பாக்கியமேரியும் மேஜைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தாள்.

இடுக்கியில் குழாயைப் பிடித்திருந்தது வள்ளிக்கண்ணு. அவளுக்கு நீலம் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. வெளுக்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்சம் குனிந்தாள். தெரியவில்லை. இன்னும் குனிந்தாள். நைலான் தாவணியின் தலைப்பு தோளிலிருந்து நழுவி விளக்கின் மேல் விழுந்தது.

முதலில் ஒரு நாற்றம் வந்தது. பிறகு இடது கையில் எதுவோ ஒட்டிக்கொண்டு கடித்தது. லூர்துராணி அலறிக்கொண்டே மேஜை மேலிருந்த தண்ணீர் ஜாடியை அவள்மேல் கவிழ்த்தாள். யாரோ தாவணியை உருவி எறிந்தார்கள். குழாய் கீழே விழுந்து உடைந்தது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. தரையில் கிடந்த தாவணியில் ஓர் ஓரம் கறுத்துச் சுருண்டு கிடந்தது. வள்ளிக்கண்ணுவின் முன்கையில் உருகிய நூல் ஒட்டியிருந்த இடம் சிவந்து கொப்புளித்தது.

அவளுக்கு வலி பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் அவள் செய்தது வேறு. தீ மேலே ஏறிய அந்த நேரத்திலும் அவள் தலை திரும்பியது வாசற்படிப் பக்கம். அங்கே யாராவது நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தாள். பெஞ்சில் உட்கார வைத்து பாக்கியமேரி களிம்பு தடவிக் கட்டுப் போடும்போது இது அவளுக்கு நினைவு வந்தது. தீயைவிட இந்த நினைப்பு அவளைப் பயமுறுத்தியது.

"முகத்துல பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்றாள் பாக்கியமேரி. பிறகு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "உன் கண்ணாடி எங்க?"

"பையில இருக்குங்க மிஸ்."

"உடைஞ்சு போச்சுன்னு சொன்னியாமே."

வள்ளிக்கண்ணு சொன்னாள். உப்பிலியபுரத்துச் சம்பந்தம், பிச்சமுத்து, யாரென்று தெரியாத ஆள், அம்மாவின் தலைமேல் வைத்த கை எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னாள். லூர்துராணி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாக்கியமேரி களிம்பு டப்பாவை மூடி வைத்தாள். காலையில் தனியாக உட்கார வைத்தது பற்றி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், எல்லாரும் போன பிறகு கணக்கை மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றாள்.

வள்ளிக்கண்ணு பையில் கையை விட்டாள். துணி முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கை எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசற்படியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. குடை ஒன்று சாத்தி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கணக்கு வகுப்பில் போர்டு இன்னும் அழிக்காமல் இருந்தது. முதல் கேள்வியை லூர்துராணி சொன்னபோது கழித்தல் குறி ஒன்று விட்டுப்போயிருந்ததை இப்போது பார்த்தாள். காலியான வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் போட்டாள். கடைசிக் கணக்கில் மட்டும் சந்தேகம். பாக்கியமேரி வாங்கித் திருத்தி, காலையில் போட்ட முட்டையை அடித்துவிட்டுப் புது மதிப்பெண் எழுதினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்ணாடியைக் கழற்றவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. அம்மா என்ன சொல்வாள், அப்பா மறுபடியும் கடையைத் திறக்காமல் படுத்துக்கொள்வாரா என்றெல்லாம் நினைத்தாள். தெருவில் திரும்பும்போது கை கண்ணாடிக் காம்பு வரை போனது. கழற்றினால் நடை தடுமாறும். அப்படியே நடந்தாள்.

வீட்டு வாசலில் புதிதாக ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடத்தில் பாய் விரித்து, பருமனான ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் புடவை. முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அப்பா கடையிலிருந்து வந்து, சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார். அம்மாவின் முகத்தில் பல நாளாக இல்லாத சிரிப்பு இருந்தது.

அந்த அம்மாள் மாப்பிள்ளையின் அத்தை மாரியாயி. மத்தியானமே கல்லூரியில் பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, மனம் நிறைந்துபோய், நல்ல சேதியை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று வந்திருந்தாள். அதைத்தான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காலத்துல காலேஜுக்குப் போற புள்ளைங்க எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதாங்க அண்ணே. போறவங்க வர்றவங்க எல்லாரையும் முறைச்சுப் பாக்குதுங்க. உங்க பொண்ணு அப்படி இல்லை. நான் ரெண்டு தரம் எதிர்லயே போனேன். நிமிரலையே. அடக்கம்னா அதுதான் அடக்கம்."

நிலைப்படியில் நின்றவளை அவள் திரும்பிப் பார்த்தாள். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்ததுபோல் ஒரு பார்வை. பிறகு ரோஜா நிறத் தாவணி அடையாளம் தெரிந்தது. பிறகு கண்ணாடி. அமிர்தத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

வள்ளிக்கண்ணு கண்ணாடியைக் கழற்றவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடக்கம் இல்லைங்க அத்தை. எனக்குக் கண்ணு தெரியலை. நீங்க வந்தது, போனது எதுவும் தெரியாது. இப்பதான் உங்களைப் பாக்குறேன்."

தாவணியில் கறுத்துச் சுருண்டிருந்த ஓரத்தையும் முன்கையில் இருந்த கட்டையும் அமிர்தம் அப்போதுதான் பார்த்தாள். என்னடி இது என்று ஓடி வந்து கையைப் பிடித்தாள். விளக்கில் தாவணி பிடித்துக்கொண்டது, தெரியாமல் குனிந்துவிட்டேன் என்று வள்ளிக்கண்ணு சொன்னாள். அமிர்தம் கட்டைத் தொடவும் பயந்து, கையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

மாரியாயி எழுந்து போய்விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, பெரியண்ணனைப் பார்த்துப் பேசினாள். இப்படி ஒரு குறை இருப்பதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். இருந்தாலும் பெண் தங்களுக்குப் பிடித்துவிட்டது. தங்கள் மில்லை ஒட்டினாற்போல் பெரியண்ணனுக்கு ஒரு வயல் இருக்கிறதல்லவா, அதைத் தன் தம்பி மகன் வீரமலை பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கண்ணாடி விஷயத்தை வீட்டில் அவளே பேசிச் சரிக்கட்டிவிடுவாள். மணவறையிலும் போட்டோவிலும் கழற்றிவிட வேண்டும். காலேஜ் பேச்சையும் இதோடு விட்டுவிட வேண்டும்.

பெரியண்ணன் கட்டிய கையை எடுக்கவில்லை. அந்த வயல் ஒன்றுதான் அவருக்குச் சொந்தமாக இருந்தது. அவர் தலை மெதுவாக ஆடியது. சரி என்று ஆடியதா, யோசனையில் ஆடியதா என்று தெரியவில்லை. வள்ளிக்கண்ணு அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு நாளைக்குக் கிளாஸ் இருக்குப்பா" என்றாள். "கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

மாரியாயி அவளைப் பொருட்படுத்தவில்லை. சின்னப் பெண் பேச்சு என்று சிரித்துவிட்டு, அமிர்தத்திடம் ஆறுதலாகச் சொன்னாள்.

"நீங்க ஏன் கலங்குறீங்க அண்ணி. கல்யாணம் ஆயிட்டா இந்தச் சனியனே தேவைப்படாது. அடுப்படியில நிக்கிறவளுக்கு எதுக்குக் கண்ணாடி?"

அமிர்தம் மகளின் கையை விட்டாள். முன்னால் வந்து குனிந்து, வெற்றிலைத் தாம்பாளத்தை மாரியாயியின் முன்னாலிருந்து எடுத்தாள். அதை உள்ளே கொண்டு போனாள். சமையலறையில் அதைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

வைத்த தாம்பாளத்தை எடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள்; அதை மாரியாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் பெரியண்ணனைப் பார்த்தாள். மனைவியைக் கூப்பிட்டு அதட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மகளின் கைக்கட்டைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மாரியாயி புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். இனி இந்த அரைக்குருட்டை எவன் வந்து கட்டுகிறான் பார்க்கலாம் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, செருப்பை மாட்டினாள். இரண்டு மூன்று வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன.

உள்ளே அமிர்தம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வள்ளிக்கண்ணு உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்தபடியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாரியாயி வேகமாக நடந்து போனாள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவள் புடவையின் கரை, கால் கொலுசு, ஒரு தரம் திரும்பி முறைத்த கண் எல்லாம் நன்றாகத் தெரிந்தன.